கடல் கடந்தவரும் கரையில் கிடக்கும் கோவையும்

2025 ஒக்டோபர் மாத நடுவில், நேபாளத்தில் பிடிபட்ட பெண்ணொருவரையும் அவரோடு அகப்பட்ட ஏனையோரையும் ஏற்றிவந்த விமானம் கட்டுநாயக்காவில் இறங்கியது என்ற செய்தி, திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாப் பெரிய பாலத்தைத் தாண்டி, அதற்கப்பால் மற்றுமொரு களப்புக் கையையும் கடந்து வந்து சேரவேண்டிய குறிஞ்சாக்கேணியை எட்டுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை. "புடிச்சிட்டாங்களாம் காக்கா" என்று தேநீர்க் கடை வாசலில் ஒருவர் சொன்னால், யாரை என்று கேட்பாரில்லை. அவ்வாண்டு பெப்ரவரி 19ஆம் தேதி, கொழும்பு அளுத்கடை ஐந்தாம் இலக்க நீதவான் நீதிமன்றத்தினுள்ளே, சட்டத்தரணி வேடம் தரித்து வந்த ஒருவர், விசாரணைக்கென அழைத்து வரப்பட்டிருந்த கணேமுல்ல சஞ்சீவ என்பவரை எல்லோர் கண்முன்னே சுட்டு வீழ்த்தியதும், அந்தத் துப்பாக்கி தாள் குடைந்தெடுக்கப்பட்ட சட்டப் புத்தகமொன்றின் வயிற்றில் ஒளிந்து நியாயஸ்தலத்துக்குள் நுழைந்ததும், அப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் என்று சந்தேகிக்கப்பட்ட பெண் அன்றே மாயமாய் மறைந்ததும் நாடறிந்த கதைகள். சுட்டவர் எனப்பட்டவர் அன்று மாலைக்குள் புத்தளத்தை அண்டிய பாலாவியில் அகப்பட்டார். அப்பெண்ணோ, பொலிஸார் கூறுவதன்படி, சில மாதங்கள் உள்நாட்டிலேயே பதுங்கியிருந்து, பின்னர் யாழ்ப்பாணக் கரையிலிருந்து படகேறி இந்தியாவுக்கும் அங்கிருந்து நேபாளத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் குற்றவாளியா அல்லவா என்பதை நியாயஸ்தலம் தீர்மானிக்கும். நாம் இங்கு கவனிக்கவேண்டியது வேறொன்று. எல்லை இரண்டைக் கடந்து போன சந்தேகநபர், பிடிபட்ட இரண்டொரு நாளில் திரும்பி வந்துவிட்டார் என்பதே அது.

இத்தனை விரைவு எப்படி வாய்த்தது என்று ஆராய்ந்தால், சட்டப் புத்தகங்களில் விஸ்தாரமாக எழுதப்பட்டிருக்கும் 'குற்றவாளிகளை ஒப்படைத்தல்' என்னும் ராஜபாட்டையில் அந்தப் பிரயாணம் நடக்கவில்லை என்பது தெரியவரும். ஒரு தேசத்துப் பொலிஸார் மற்றொரு தேசத்துப் பொலிஸாரோடு பேசி, வேண்டப்படாத அந்நியர் என்ற முறையில் அந்த ஆளை விமானமேற்றி அனுப்பிவிடுவது ஒரு வகை. 2019 பெப்ரவரியில் டுபாயில் ஒரு விருந்தில் பிடிபட்ட மாகந்துரே மதூஷ் சில மாதங்களில் நாடுகடத்தப்பட்டு வந்ததும், 2025 ஓகஸ்டில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் பிடிபட்ட பாதாள உலகத்தார் அம்மாத முடிவுக்குள் கொழும்பில் இறங்கியதும் இவ்வழியாகத்தான். மதூஷின் கதை அதோடு நிற்கவில்லை. 2020 ஒக்டோபரில், பொலிஸ் காவலில் இருக்கும்போதே, மாளிகாவத்தையில் சுடப்பட்டு அவர் மாண்டார். அந்நிய தேசத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து சேர்ப்பதும் அவரை நியாயஸ்தலத்தின் முன் நிறுத்தி விசாரித்து முடிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

மற்றைய வழி சட்டத்தின் வழி. அது நீளமானது, ஆனால் நிழலுள்ளது. இலங்கையில் 1977ஆம் ஆண்டின் எட்டாம் இலக்கச் சட்டம் இவ்விஷயத்தை ஆளுகிறது. கேட்கும் நாட்டிலும் கேட்கப்படும் நாட்டிலும் ஒருங்கே குற்றமாகக் கருதப்படும் செயலுக்காகத்தான் ஒருவரைக் கேட்கலாம். எந்தக் குற்றத்துக்காகக் கேட்டோமோ அதற்காக மட்டுமே அவரை விசாரிக்கலாம். அரசியல் தன்மை வாய்ந்த குற்றமென்றால் மறுக்கலாம். அவருடைய இனம், மதம், அபிப்பிராயம் காரணமாக நியாயமான விசாரணை கிடைக்காதென்று அஞ்சுவதற்கு இடமிருந்தாலும் மறுக்கலாம். சிவப்பு அறிவித்தல் என்று பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வருகிறதே, அது பிடியாணையன்று. பிரான்சின் லியோன் நகரிலிருக்கும் சர்வதேசப் பொலிஸ் ஸ்தாபனம், "இந்த ஆள் இன்ன நாட்டால் தேடப்படுகிறார்" என்று தன் அங்கத்துவ நாடுகளுக்குத் தெரிவிக்கும் தாக்கீது அது. அதைக் கண்டு கைதுசெய்வதும் செய்யாதிருப்பதும் அந்தந்த நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. ஆகவே "சிவப்பு அறிவித்தல் போட்டாகிவிட்டது" என்று அதிகாரிகள் சொல்லும்போது, காரியத்தில் பாதிகூட முடிந்துவிடவில்லை என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நலம்.

முன்னொரு காலத்தில் இந்தத் தொல்லை அதிகமில்லை. பிரித்தானிய ஏகாதிபத்தியத்தின் கொடியின்கீழ் இருந்த தேசங்களுக்குள் எங்கு ஓடினாலும், 1881ஆம் ஆண்டின் ஓடிப்போன குற்றவாளிகள் சட்டம் பின்தொடர்ந்து வந்து பிடித்துக்கொள்ளும். கொழும்பிலிருந்து பினாங்குக்கு ஓடினாலும் அது ஒரே சக்கரவர்த்தியின் ஆட்சிதானே! அதற்கு வெளியே போகவேண்டுமென்றால், தென்னிந்தியத் தமிழர்க்கு மிகவும் அருகிலிருந்த அந்நிய தேசம் புதுச்சேரி. 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக்கொன்று தன்னையும் சுட்டுக்கொண்டதன் பின்னால், அவ்வழக்கில் தேடப்பட்டவர்களுள் ஓட்டப்பிடாரத்து மாடசாமி பிள்ளை அகப்படவேயில்லை. வ.வே.சு. ஐயரும் பாரதியாரும் பிரெஞ்சுக் கொடியின் நிழலில் இருக்க, ஆங்கிலேயரின் ஒற்றர்கள் அவ்வூர்த் தெருக்களில் வருஷக்கணக்காய்ச் சுற்றித் திரிந்தார்கள். ஆனால் கைவைக்க முடியவில்லை. தேசபக்தர் என்று நாம் கொண்டாடுகிறவர்கள் ஆங்கிலேய அரசாங்கத்தின் ஏட்டில் கொலை வழக்கில் தேடப்பட்டவர்களாக இருந்தார்கள். ஓடுகிறவனுக்குப் புகலிடம் கொடுக்கும் விதியை வெறும் சூழ்ச்சியென்று தள்ளிவிடாதிருப்பதற்கு இந்த ஒரு சரித்திரமே போதும். அதே விதியின் நிழலில் கூலிக்குக் கொலைசெய்தவனும் வந்து ஒதுங்குகிறான் என்பது வேறு துயரம்.

மரணதண்டனை இங்கே இன்னுமொரு முடிச்சு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த இரட்டைக் கொலையொன்றில் தேடப்பட்ட ஜெர்மானிய இளைஞர் ஒருவர் இங்கிலாந்தில் அகப்பட்டபோது, மரணதண்டனைக் கைதிகளின் சிறையில் ஆண்டுக்கணக்காய்க் காத்துக் கிடக்கும்படி ஒருவரை அனுப்பிவைப்பது மனிதாபிமானமற்றது என்று ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1989 ஜூலையில் தீர்ப்பளித்தது. பின்னர், அத்தண்டனையைக் கோரமாட்டோம் என்று உறுதி பெற்றே அவர் அனுப்பப்பட்டார். விசாரணையில் குற்றவாளியாகக் காணப்பட்டு ஆயுள் தண்டனையும் அடைந்தார். அன்று முதல், கொலைக் குற்றத்துக்கு மரணதண்டனையைச் சட்டத்தில் வைத்திருக்கும் எந்த நாடும் ஐரோப்பாவிலிருந்து ஒருவரைக் கேட்டால், முதலில் வரும் கேள்வி இதுதான். இலங்கையில் 1976இன் பின் எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை. ஆயினும் தீர்ப்புகள் மரணதண்டனை என்றே வழங்கப்படுகின்றன. எழுத்தில் ஓர் உறுதிமொழி கொடுத்தால் தீர்ந்துபோகும் விஷயத்துக்காக ஒரு வழக்குக் கோவை வருஷக்கணக்காய் மேசையில் கிடப்பதற்குத் தூக்குமரத்தைக் காரணம் காட்டுவது சோம்பலுக்கு நல்ல போர்வை.

ஓடிப்போவதென்றால் இருட்டில் படகேறித்தான் போகவேண்டுமென்பதில்லை. இராஜகிரியவில் ரோயல் பார்க் என்னும் மாடிக் குடியிருப்பில் 2005ஆம் ஆண்டு இளம்பெண்ணொருவர் கொலையுண்ட வழக்கில் மரணதண்டனை விதிக்கப்பட்டு, மேன்முறையீடுகளெல்லாம் முடிந்து சிறையிலிருந்த கைதி, 2019 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில தினங்களே இருந்த வேளையில், அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பொதுமன்னிப்பைப் பெற்று வாசல் வழியாகவே வெளியேறினார். பின்னர் நாட்டையும் விட்டுப் போனார். பெண்கள் மற்றும் ஊடகக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில், அம்மன்னிப்பு சட்டத்துக்கு முரணானது என்று உயர்நீதிமன்றம் 2024 ஜூன் 6ஆம் தேதி அதை ரத்துச் செய்து, சிங்கப்பூரில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அவரைத் திருப்பிக் கொண்டுவர நடவடிக்கை எடுக்குமாறு சட்டமா அதிபருக்குப் பணித்தது. பிடிப்பதற்கு ஆளில்லாத காலத்தில் ஓடியவரல்லர் அவர். பிடித்து, விசாரித்து, தண்டித்து, மேன்முறையீட்டிலும் உறுதிப்படுத்திய ஒருவரை அரசாங்கமே கதவைத் திறந்து அனுப்பிவிட்டு, பிறகு அயல் தேசத்தாரிடம் கேட்கவேண்டிய நிலையை உண்டாக்கிக்கொண்டது. அந்த நீதிமன்றத்து நீதியரசர்கள் ஜனாதிபதியின் கையொப்பத்தையே கூண்டிலேற்றி விசாரித்தார்கள் என்பதில் நமக்குப் பெருமையுண்டு. அதற்கு நாலரை ஆண்டுகள் போனதில் வெட்கமும் உண்டு.

இதற்கு நேர்மாறாக, ஓட்டம் பாதியிலேயே தடுக்கப்பட்ட ஒரு வழக்கை வடக்கு கிழக்கில் அறியாதார் இல்லை. 2015 மே 13ஆம் தேதி, யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட மாணவியொருத்தி கூட்டாக வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டாள். சுவிற்சர்லாந்தில் வசித்து ஊர் வந்திருந்த ஒருவர் மீது சந்தேகம் விழுந்து, ஊர்மக்கள் அவரைப் பிடித்துக் கட்டிவைத்துப் பொலிஸாரிடம் ஒப்படைக்க, அவரோ எப்படியோ விடுபட்டுக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். வெள்ளவத்தைக்கும் விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்? இன்னும் ஓரிரு நாள் பராமுகமாய் இருந்திருந்தால், அந்த வழக்கு சூரிச்சுக்கும் கொழும்புக்கும் இடையே கடிதம் எழுதிக்கொண்டு இன்றுவரை கிடந்திருக்கும். யாழ்ப்பாண நகரமே வீதிக்கு இறங்கியது, கடைகள் மூடப்பட்டன, பாடசாலைப் பிள்ளைகள் சீருடையோடு வீதியில் நின்றார்கள், அந்த ஆள் மீண்டும் கைதானார். 2017 செப்டெம்பர் 27ஆம் தேதி, நீதிபதிகள் மூவர் கூடிய விசேஷ மன்று, அவர் உட்பட எழுவருக்கு மரணதண்டனை விதித்தது. அதன் பிறகும் அந்தக் கதைக்கு ஒரு வால் இருந்தது: அவர் தப்பிச் செல்ல உதவினார் என்னும் குற்றத்துக்காக, முன்னாள் சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர் லலித் ஜயசிங்கவுக்கு மேல் நீதிமன்றம் 2025 ஓகஸ்டில் நான்காண்டுக் கடூழியச் சிறை விதித்தது. அதே விவகாரத்தில் சந்தேகிக்கப்பட்ட உப பொலிஸ் பரிசோதகர் ஒருவரோ, விசாரணை நெருங்கியபோது, தாமே நாட்டைவிட்டுப் போய்விட்டார். ஓடுகிறவருக்கு உதவியவரும் ஓடிவிட்டார் என்பதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆயினும் இந்த வழக்கில் சட்டம் கைகொடுத்ததற்குக் காரணம் ஒன்றே: சந்தேகநபர் கடல் தாண்டுமுன் சாட்சிகள் பேசினார்கள், பேசிய சாட்சிகள் ஊரிலேயே இருந்தார்கள்.

நமது திருகோணமலை மாவட்டத்துக்கு வருவோம். இங்கே நான் சொல்ல வந்த காரியத்தின் மறுபக்கம் இருக்கிறது. இந்தத் துறைமுகத்தைச் சுற்றிலும் நடந்த பெருங்கொலைகளின் வழக்குகளில் அந்நிய தேசத்துக்கு ஓடியவர்கள் சந்தேகநபர்கள் அல்லர், சாட்சிகள்.

2006 ஜனவரி 2ஆம் தேதி மாலை, திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரையில், காந்தி சிலைக்குச் சமீபமாக, உயர்தரக் கல்வி முடித்த இளைஞர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்தனர். முச்சக்கர வண்டியொன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. அதையடுத்துச் சீருடையினர் சூழ்ந்துகொண்டனர். ஐந்து இளைஞர் மாண்டனர், இருவர் காயத்தோடு தப்பினர். அவ்விளைஞர்களுள் ஒருவருடைய தந்தை மருத்துவர் காசிப்பிள்ளை மனோகரன். படையினர் தம்மைச் சூழ்ந்துகொண்டார்கள் என்று மகன் கைப்பேசியில் அறிவித்ததைக் கேட்டுக் கடற்கரைக்கு விரைந்தவர், சோதனைச் சாவடியில் தடுக்கப்பட்டு நின்ற நிலையிலேயே வெடிச்சத்தத்தைக் கேட்டார். இளைஞர் கொண்டுவந்த குண்டு அவர்கள் கையிலேயே வெடித்துவிட்டது என்று முதலில் அதிகாரபூர்வமாகச் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையும் புகைப்படங்களும் அதைப் பொய்யாக்கின. தலைகளில் துப்பாக்கிக் காயங்கள் இருந்தன. அப்படங்களை எடுத்த 'சுடர் ஒளி' நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் தேதி காலை, வேலைக்குப் போவதற்காக வீதியோரம் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது சுட்டுக்கொல்லப்பட்டார். படம் எடுத்தவரைக் கொன்றபின் படத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல யார் துணிவார்? மருத்துவர் மனோகரன் துணிந்தார், மரண விசாரணையில் சாட்சியம் அளித்தார், மிரட்டல்கள் தொடர்ந்தன, குடும்பத்தோடு நாட்டைவிட்டு இங்கிலாந்துக்குப் போனார். அங்கிருந்தும் அவர் ஓயவில்லை. ஜெனீவாவரை சென்று பேசினார்.

வழக்கோ திருகோணமலையிலேயே இருந்தது. 2013 ஜூலையில்தான், ஏழரை ஆண்டுகளுக்குப் பின், விசேஷ அதிரடிப் படையினர் கைதாயினர். சில மாதங்களில் பிணையில் வெளியே வந்தனர். 2019 ஜூலை 3ஆம் தேதி, போதிய சாட்சியம் இல்லையென்று, பதின்மூன்று சந்தேகநபர்களையும் திருகோணமலைப் பிரதம நீதவான் விடுதலை செய்தார். நீதவானைக் குறைசொல்ல நான் வரவில்லை. தமக்கு முன் வந்த ஏட்டில் இல்லாததை எந்த நீதவானும் வாசிக்க முடியாது. சாட்சிகள் லண்டனில் இருந்தார்கள், அச்சத்தில் இருந்தார்கள். அயல் தேசத்திலிருக்கும் இலங்கைத் தூதரகத்துக்குள் சென்று காணொளி வாயிலாகச் சாட்சியமளிக்கலாம் என்று சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டதென்றாலும், எந்த அரசாங்கத்துக்கு அஞ்சி ஓடினார்களோ அதே அரசாங்கத்தின் தூதரகக் கதவைத் தட்டித்தான் பேசவேண்டும் என்ற ஏற்பாட்டில் சாட்சிக்குத் தைரியம் எங்கிருந்து வரும்? உள்ளூர் நியாயாதிபதி ஒருவரின் முன்னிலையிலோ, அந்நாட்டு நீதிமன்றத்திலோ அச்சாட்சியத்தைப் பதிவுசெய்து பெறுவதற்கு 2002ஆம் ஆண்டின் பரஸ்பர உதவிச் சட்டம் ஏற்கெனவே வழிவைத்திருக்கிறது. அந்தக் கதவை மனமுவந்து திறந்திருந்தால், ஏடு வெறுமையாய் இருந்திராது என்பது என் அபிப்பிராயம்.

குறிஞ்சாக்கேணியிலிருந்து கொட்டியாரக் குடாவைச் சுற்றிப் போனால் மூதூர். 2006 ஓகஸ்ட் 4ஆம் தேதி, அங்கே ஏ.சி.எஃப். என்னும் பிரான்ஸிய நிவாரண ஸ்தாபனத்தின் அலுவலக வளவுக்குள், அந்த ஸ்தாபனத்தின் சட்டையை அணிந்திருந்த உள்ளூர்ப் பணியாளர் பதினெழுவர், முகங்குப்புறக் கிடத்தப்பட்டுச் சுடப்பட்டனர். அவர்களில் பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமிக்குப் பின் கிணறு துப்புரவாக்கவும் குடிநீர் கொடுக்கவும் போனவர்கள் அவர்கள். வழக்கு மூதூரிலிருந்து அநுராதபுரத்துக்கும் கந்தளாய்க்குமாக அலைந்தது. நீதியரசர் உடலாகம தலைமையிலான ஜனாதிபதி ஆணைக்குழு 2007இலும் 2008இலும் இதையும் திருகோணமலைக் கடற்கரைக் கொலையையும் விசாரித்தபோது, வெளிநாட்டில் ஒளிந்திருந்த சாட்சிகள் காணொளி வழியாகப் பேசத் தொடங்கினார்கள். சில அமர்வுகளோடு அது நிறுத்தப்பட்டது. 2013 டிசெம்பரில், இலங்கைக்குள் நியாயம் தேடும் வழிகளெல்லாம் தீர்ந்துவிட்டன என்று அந்த ஸ்தாபனமே அறிக்கை வெளியிட்டுவிட்டு ஒதுங்கியது.

கடற்படைத் தளத்தின் கதையும் இதே ஓட்டம்தான். 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட இளைஞர் பதினொருவர், திருகோணமலைத் தளத்துக்குள் 'கன்சைட்' என்று வழங்கிய நிலவறையில் வைக்கப்பட்டிருந்தனர் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. அவ்விளைஞர்களின் பெற்றோரின் கண்ணீரை ஏட்டில் ஏற்றி, கடற்படையின் உயர் அதிகாரிகள் வரையில் விசாரணையைக் கொண்டுபோன பொலிஸ் அதிகாரி நிஷாந்த சில்வா, 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய சில தினங்களுக்குள், அம்மாதம் 24ஆம் தேதி குடும்பத்தோடு சுவிற்சர்லாந்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். துப்பறிந்தவர் ஓடிப்போக, துப்பறியப்பட்டவர்கள் ஊரிலேயே நிற்கிற வழக்கு உலகத்தில் வேறெங்கேனும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

இனி, கடல் கடந்து போனவர் மீது அக்கரையிலேயே சட்டம் பாய்ந்த சந்தர்ப்பங்கள். "ஒன்று ஒப்படை, அல்லது நீயே தண்டி" என்ற கருத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் விதியாக எழுதி வைத்தவர் ஹாலந்து தேசத்து ஹியூகோ குரோஷியஸ். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1639இல், அவருடைய தேசத்தார் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள் என்பது தற்செயலான ஒற்றுமை. அந்த விதி இன்று உயிர்பெற்றிருப்பதைச் சில ஐரோப்பிய நியாயஸ்தலங்களில் காணலாம். வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் 2005 ஓகஸ்டில் கொல்லப்பட்ட விவகாரத்தில் உடந்தையாயிருந்தவரென்று, விடுதலைப் புலிகளின் முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் உயர்நீதிமன்றம் 2020இல் ஆறாண்டு பத்து மாதச் சிறை விதித்தது. கொழும்பில் நடந்த கொலைக்கு, கொழும்பு முடிக்காத காரியத்தை, ஜெர்மனி தன் சொந்தச் சட்டத்தின்கீழ் முடித்தது.

பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கு இதற்கு எதிர்ப்பக்கம். 2006 நவம்பர் 10ஆம் தேதி காலை கொழும்பில் வீட்டிலிருந்து புறப்பட்ட காரிலேயே மெய்க்காவலரோடு அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் சிலர் தலைமறைவாயிருந்தமையால் அவர்கள் இல்லாமலேயே கொழும்பு மேல் நீதிமன்றம் விசாரித்தது. ஆளில்லாவிடத்தும் விசாரணை நடத்தலாம் என்று நமது குற்றவியல் நடபடிமுறைச் சட்டத்தில் இடமுண்டு. சிங்களம் பேசும் ஜூரி சபை 2016 டிசெம்பர் 24ஆம் தேதி அதிகாலையில், வந்திருந்தவர், வராதவர் எல்லோரையும் குற்றமற்றவர்கள் என்று தீர்த்தது. ஆளில்லாமல் விசாரிப்பது ஓடிப்போனவரை மடக்கும் ஆயுதம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓடியவர் எங்கோ ஒரு நகரத்தில் இருந்தபடியே, வக்கீலுக்குப் பணம் செலவழிக்காமல், விடுதலைச் சீட்டு வாங்கிக்கொள்ளவும் அது உதவும் என்பதை இந்த வழக்கு காட்டிற்று. சாட்சியம் பலமாயிருந்தால் மட்டுமே அம்முறைக்குப் பொருளுண்டு.

மீண்டும் குறிஞ்சாக்கேணிக்கு வருவோம். அங்கே 2021 நவம்பர் 23ஆம் தேதி, பாலம் கட்டி முடிக்கப்படாத அந்த நீர்த்துறையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவந்த 'பாதை' என்னும் மிதவைப் படகு கவிழ்ந்து பிள்ளைகளும் பெரியவர்களும் மூழ்கி இறந்தார்கள். அது கொலையன்று, கவனக்குறைவு. பாதை ஓட்டியவர்கள் ஓரிரு நாளில் கைதாயினர். பின்னர் கிண்ணியா நகரசபையின் தலைவரும் கைதானார். சட்டத்தின் கை இவ்வளவு சுறுசுறுப்பாக நீளக்கூடியது என்பதை இந்த மாவட்டத்தார் அன்று நேரில் கண்டார்கள். அதே கை டச்சுக்குடாவுக்கு நீள ஏழரை ஆண்டுகள் எடுத்ததையும் கண்டவர்கள் அவர்கள்தான். நேபாளத்துக்குப் போய் ஒரு பெண்ணைக் கொண்டுவர முடிந்த திணைக்களத்துக்கு, லண்டனுக்குப் போய் ஒரு தந்தையின் சாட்சியத்தைக் கொண்டுவர முடியாதென்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

ஆகவே, கொலையுண்டவரின் குடும்பத்தார் எவரேனும் "ஆள் வெளிநாட்டுக்குப் போய்விட்டான், இனி என்ன?" என்று கேட்டால், நான் சொல்லக்கூடியது: ஆள் இருக்குமிடத்தைப் பற்றிக் கவலைப்படுமுன் கோவை இருக்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். நீதவான் திறந்த பிடியாணை பிறப்பித்தாரா, வாக்குமூலங்கள் ஒப்பமிடப்பட்டுள்ளனவா, சட்டமா அதிபரின் திணைக்களத்துக்கு ஏடு போய்ச் சேர்ந்ததா, தடயப் பொருள்கள் நீதிமன்றக் களஞ்சியத்தில் பத்திரமாயிருக்கின்றனவா என்று மாதந்தோறும் விசாரியுங்கள். ஒவ்வொரு பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்குத் துணை. இருபதாண்டு கழித்து ஓடியவர் ஏதோவொரு விமான நிலையத்தில் அகப்படும்போது, அவரை வைத்திருக்கும் நாடு கேட்பது இந்தக் கோவையைத்தான்.

அவ்வாறு ஒரு கோவை இப்பொழுதும் திறந்திருக்கிறது. பி.பி.சி.யின் யாழ்ப்பாண நிருபர் மயில்வாகனம் நிமலராஜன், 2000 ஒக்டோபர் 19ஆம் தேதி இரவு, ஊரடங்கு வேளையில், படையினரின் காவலரண்கள் சூழ்ந்த பகுதியிலிருந்த தமது வீட்டில், எழுதிக்கொண்டிருந்த நிலையில் சுட்டுக்கொல்லப்பட்டார், கைக்குண்டும் வீசப்பட்டது, தந்தையாரும் காயமடைந்தார். உள்நாட்டு வழக்கு பல்லாண்டு இழுபட்டு, எவரும் தண்டிக்கப்படாமல் ஓய்ந்தது. 2022 பெப்ரவரியில், இங்கிலாந்தின் நோர்தாம்ப்டன்ஷயரில், நாற்பத்தெட்டு வயதான ஒருவரை லண்டன் மெட்ரோபொலிட்டன் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு இக்கொலை சம்பந்தமாகக் கைதுசெய்து, விசாரித்து, மேலும் விசாரணைக்கு உட்பட்டவராக விடுவித்தது. அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவரல்லர். 1991 ஜனவரி முதலாம் தேதிக்குப் பின் உலகின் எப்பகுதியில் நடந்த போர்க்குற்றத்துக்கும், தன் மண்ணில் வதிபவரை விசாரிக்க அந்நாட்டின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. அப்பொலிஸார் அப்போதே பொதுமக்களிடம், விசேஷமாக இங்கிலாந்திலுள்ள இலங்கையரிடம், அறிந்ததைச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார்கள். லண்டனிலோ பாரிஸிலோ டொரன்டோவிலோ இருந்து இதை வாசிக்கும் அன்பர்களுள் யாரேனும், அந்த ஒக்டோபர் இரவைப் பற்றி அறிந்ததொன்றை இருபத்தைந்து ஆண்டுகளாக மனத்தில் வைத்திருப்பீர்களாயின், அதை அவர்களிடம் சொல்லுங்கள்.